காகம் அளந்த தூரம்

மன்னார்த் தீவில் ஒருவர் நம்மைத் தேடி வருகிறார் என்றால், அவர் வருவதைப் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, தேத்தண்ணி ஊற்றி ஆறவைத்த பிறகும் அவர் வந்துகொண்டேதான் இருப்பார். முதலில் வெள்ளை மணலுக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி. அது ஆளா, கழுதையா, வெறும் கானலா என்று தெரியாது. பிறகு அதற்குக் கால் முளைக்கும். பிறகு குடை. முகம் தெரிவதற்குள் அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் நாம் மனசுக்குள் பேசி முடித்திருப்போம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதல் வருஷம் முழுவதும் இது வேடிக்கையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நம்மூரில் விருந்தாளி என்பவர் தெருத் திருப்பத்தில் திடீரென்று முளைப்பவர். மலை, தோப்பு, வாய்க்கால் மேடு, வைக்கோற்போர் என்று கண் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். இங்கே கண்ணை மறிக்க ஆளில்லை. அவிழ்த்துவிட்ட கன்றுபோல ஓடுகிறது. கடைசியில் கடலில் போய் நிற்கிறது. நின்றதா என்பதும் நிச்சயமில்லை.

ரங்கூனிலும் பினாங்கிலும் இருக்கும் நம்மவர்கள் மாடிக் கட்டிடங்களையும் மின்சார விளக்கையும் பார்த்து வியந்து எழுதுகிறார்கள். நான் வியந்ததெல்லாம் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துத்தான். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னார். சாப்பிட்ட சோறு செரிப்பதற்குள் வேறு தேசம். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் தென்னந்தோட்டத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. அந்தத் தோட்டத்தில் ஒரு சின்னத் துப்பாக்கிக்குத் தூரம் குறித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்பதற்கு அற்ப விஷயம். ஆனால் ஒரு பெண்ணின் ஆட்டுக்குட்டிகளின் கண் அதில் இருந்தது. எனக்கு வேண்டிய ஒன்றும் அதில் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

துப்பாக்கியை இங்கே துவக்கு என்கிறார்கள். அணில் குரும்பையைக் கடித்துப் போடுகிறது, காகம் கோழிக்குஞ்சைத் தூக்குகிறது என்று துரை கொழும்பிலிருந்து அதை வரவழைத்தார். தோளில் சாத்தினால் ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கும். அதன் குண்டு புளியங்கொட்டையில் பாதி. என் அப்பா ஊரில் மாந்தோப்புக் காவலுக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியோ, மருந்தும் ஈயச் சில்லும் திணித்து வெடித்தால் தோப்பே இருமும். அதற்குக் குறி கிடையாது, தூரம் கிடையாது. திசை மட்டும் உண்டு. பட்டால் வௌவால், படாவிட்டால் மலை. தப்பிய சில்லையெல்லாம் மலை வாங்கிக்கொள்ளும். அது எங்கே போயிற்று என்று எங்கள் ஊரில் யாரும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

துரை என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் ஈரமணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். குழல் நேர். பார்வை நேர். குண்டு மட்டும் நேராகப் போவதில்லை. முதலில் நான் நம்பவில்லை. எறிந்த கல் விழும், சரி. கண்ணுக்கே தெரியாத வேகத்தில் போகிற ஒன்று புறப்பட்ட கணத்திலிருந்தே விழுந்துகொண்டும் இருக்கிறது என்றால் எப்படி? அதனால்தான் குழலை மயிரளவு வானம் பார்க்க வைத்திருக்கிறார்களாம். குண்டு நம் பார்வைக்குக் கீழே புறப்பட்டு, ஏறி அதைத் தொட்டு, கொஞ்ச தூரம் அதற்கு மேலே போய், மறுபடி இறங்கி இன்னொரு முறை தொடும். அப்புறம் கீழே, கீழேதான். அந்த இரண்டாவது தொடுதலை எந்தத் தூரத்தில் வைப்பது என்பதை, குழலின் மேலுள்ள பின்குறியை ஏற்றி இறக்கி நாமே முடிவு செய்யலாம். அந்த ஒரு தூரத்தில் பார்த்த இடமும் பட்ட இடமும் ஒன்று. மற்ற எல்லாத் தூரத்திலும் பார்ப்பது ஓரிடம், படுவது வேறிடம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு சின்ன சாமானுக்குள் இவ்வளவு பெரிய நியாயமா என்று அந்த மணல் கோட்டை அலை வந்து அழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹண்ட்ரட் யார்ட்ஸ்" என்றார் துரை. அவர் ஊர் வயல்வெளியில் நூறு கஜத்துக்குத்தான் வைப்பார்களாம். பின்குறியை நூறில் நிறுத்தி, துவக்கை என் கையில் கொடுத்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து நுவரெலியாவுக்கு ரயில் ஏறிவிட்டார்.

ஹவ்வா ராத்தா வந்தது அதற்குப் பிறகு. இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் ராத்தாதான். தோட்டத்து வேலிக்கு அப்பால் வீடு. புருஷன் கொண்டச்சிப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர். பாதி வருஷம் கடலில். மீதியை ஓட்டுவது அவளுடைய ஆடுகள். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தவள், முந்தானையை விரித்து ஒரு குட்டியை என் காலடியில் விட்டாள். பிறந்து ஈரம்கூடக் காயவில்லை. எழுந்து நின்று, தாயைத் தேடி, என் காலை முட்டியது. அதற்குக் கண் இரண்டும் இல்லை.

"காகம்" என்றாள். "தாய் உடைமரத்துக்குக் கீழ போய் ஈனும். குட்டி எழும்ப முதல் இதுகள் வந்திடும். இந்த முறை ஈண்டதில பாதி போயிட்டுது. துரையிட துவக்கு சுடவோ, இல்லாட்டிச் சும்மா தொங்கவோ தம்பி?"

காகம் எவ்வளவு தூரத்தில் வந்து உட்காரும் என்று கேட்டேன். குறி வைப்பதற்கு அதுதானே முதலில் தெரியவேண்டும்.

"கூப்பிடு தூரம்."

"அது எத்தனை கஜம், ராத்தா?"

"எந்தப் பக்கம் நிண்டு கூப்பிடுறது?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவளோ நான் விளங்காதவன் என்று நினைத்திருக்க வேண்டும், பொறுமையாகச் சொன்னாள். "சோளகம் அடிக்கேக்க காத்தோட கூப்பிட்டா அந்தப் பனைவரைக்கும் கேக்கும். எதுத்துக் கூப்பிட்டா இந்த வேலிக்கே கேளாது. எந்தப் பக்கம் எண்டு நீங்கதானே சொல்லோணும்." தூரம் என்பது காற்றைக் கேட்டு நீளும், குறுகும் என்று நினைக்கிற தேசத்தில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று சிரிப்பு வந்தது.

மறுநாள் அந்தச் சிரிப்பு போயிற்று. ஒரு தேங்காய் மட்டையை நட்டு, நூறு கஜத்தைக் கயிறு பிடித்து அளந்து, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது சுட்டேன். குண்டு ஒரு சாணுக்கு மேல் விலகி மணலைக் கிளப்பியது. திரும்பத் திரும்ப அதே கதை. புளியங்கொட்டையில் பாதிதானே, காற்று அதைத் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. துவக்குக்கும் காற்றைக் கேட்டுத்தான் தூரம். பிறகு மட்டையை ஐம்பது கஜத்துக்குக் கொண்டுவந்து நட்டேன். நூறுக்கு வைத்த குறி ஐம்பதில் நாலு விரல் உயரே போயிற்று. குட்டியின் தலைமாட்டில் காகம் நின்றால் நாலு விரல் உயரம் என்பது வெறும் ஆகாயம். நூறைத் தாண்டிவிட்டாலோ குண்டு சரசரவென்று இறங்குகிறது. காகத்தைப் பார்த்துச் சுட்டால் குட்டிக்குப் படும். ராத்தாவின் குட்டியை ராத்தாவுக்காக நானே கொல்வதற்கு ஒரு காகம் தேவையில்லை.

போதாததற்கு என் கண்ணையும் நம்ப முடியவில்லை. ஒரு கழுதை நின்றது. ஐம்பது கஜம் என்று மனசு அடித்துச் சொன்னது. கயிறு பிடித்தால் நூறுக்கு மேல். கழுதை நகராமல் நின்று உதவியது. மரமும் மேடும் பார்த்தே பழகிய கண். அவற்றை எடுத்துவிட்டால் அதற்குக் கணக்கு வராது என்று அன்றைக்குத் தெரிந்தது. எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. நடந்தால் வருவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று, மட்டையைப் பிடுங்கப் போனபோது கண்ணில் பட்டது. மட்டைக்குப் பின்னால் உடைமரங்கள். அதற்குப் பின்னால் மணல். அதற்குப் பின்னால் கரையில் பெண்கள் குந்தியிருந்து மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டாப் பெட்டியின் மேல் ஒரு மைல் வரைக்கும் ஆபத்து என்று அச்சடித்திருப்பதைத் துரை எனக்கு வாசித்துக் காட்டியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன். தலையாட்டியபோது என் மனசுக்குள் அந்த ஒரு மைலுக்கு முன்னால் எங்கள் மலை நின்றிருக்கிறது! இங்கே மலை இல்லை. தப்பிய குண்டுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. நல்லவேளையாக நான் சுட்டதெல்லாம் முன்னாலேயே மணலில் விழுந்திருந்தது. இருந்தும், பிறந்ததிலிருந்து முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது என்று நம்பி வாழ்ந்தவன், திரும்பிப் பார்த்தால் சுவர் இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

முப்பது கஜம் என்று முடிவு செய்தேன். முப்பதுக்குக் குறி வைத்தால் பதினைந்திலிருந்து ஐம்பதுவரை குண்டு பார்வையை விட்டு ஒரு விரல் அகலம்கூட விலகவில்லை. காற்றும் அதற்குள் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. கானலும் ஏமாற்றாது. ஆடுகள் வெயில் தாழும்வரை படுக்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு இருந்தது. அதைப் பின்னால் வைத்துத்தான் சுடுவது என்றும் சபதம் செய்துகொண்டேன். ஆள் உயரம்தான், இருந்தாலும் அது எனக்கு மலை. இவ்வளவு பரந்த பூமியில் வந்து நின்று, முப்பது கஜத்துக்குள் என்னைச் சுருக்கிக்கொண்டது விசித்திரம்தான். ஆனால் கண் போகிற தூரம் வேறு, கை போகிற தூரம் வேறு.

ஆனால் தூரத்தைக் குறிக்க வந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்ல. காகம் எனக்கு முன்பே குறித்து வைத்திருந்தது. நான் வெறுங்கையோடு போனால் பக்கத்துப் பனையிலேயே இருக்கும். குடையோடு போனால் ஒருமுறை எழும்பி, பார்த்துவிட்டு, திரும்ப உட்காரும். துவக்கோடு போனால் அத்தனையும் எழும்பித் தூரத்துத் தென்னைகளுக்குப் போய்விடும். எவ்வளவு தூரம் என்று ஒரு நாள் கயிறு பிடித்தேன். நூறு கஜத்துக்குச் சற்று அப்பால். துரையின் பின்குறியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுபோல இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கையெடுத்துக் கும்பிடலாமா என்று தோன்றியது.

"உங்களை ஆளாப் பாக்குதுகள். ஆட்டோட ஆடா வாங்கோ" என்றாள் ராத்தா. உடைமரத்துக் காயை இழுத்து உலுப்புவதற்கு அவளிடம் ஒரு கொக்கைத்தடி உண்டு. நம் ஊர்த் தொரட்டிதான். அதை என் கையில் கொடுத்தாள். துவக்கைப் பழைய வலையில் சுற்றித் தடியோடு சேர்த்துக் கட்டினேன். தோட்டத்தில் வேலை ஓயும் நேரமெல்லாம் ஆட்டோடு நடந்தேன். காய் உலுப்பினேன். கரையில் நின்றவர்கள் கேட்டதற்கு, "ஆடு மேய்க்க இந்தியாவிலயிருந்து ஆள் எடுத்திருக்கன்" என்று ராத்தா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள். அவர்கள் நம்பினார்கள். சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டார்கள். முதலில் ஆடுகள் என்னை ஒப்புக்கொண்டன. பிறகு, மெல்ல மெல்ல, காகங்கள். தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தன. என் நிழலில் நடந்து புழு பொறுக்கின. இந்தத் தேசத்தில் என்னை அந்நியன் என்று பார்க்காமல் முதலில் விட்டவை அவைதான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நம்மூரில் வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் உச்சுக்கொட்டுவார்கள் என்று தெரியும். காக்காயையா சுடப்போனாய், முன்னோர் அல்லவா என்பார்கள். எனக்கும் அது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கண்ணில்லாத குட்டி என் காலை முட்டியதே, அந்த இடம் இன்னும் ஈரமாக இருப்பதுபோல இருந்தது.

ஒரு மத்தியானம், மணல்மேட்டுக்கு முன்னால், சாம்பல் நிற ஆடு ஒன்று ஈன்றது. குட்டி விழுந்த சத்தம் கேட்டதுபோலக் காகம் ஒன்று இறங்கியது. நான் வலையை விலக்கி, முப்பது கஜத்தில் மணலில் குப்புறப் படுத்தேன். காகம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பழகிய ஆள்தானே என்று திரும்பிக்கொண்டது. தாய் இன்னும் எழவில்லை. காகம் தத்தித் தத்திக் குட்டியின் தலைமாட்டுக்கு வந்து கழுத்தைச் சாய்த்தது. அதற்கும் குட்டிக்கும் நடுவே நான்கு விரல் இடம். பின்னால் மணல். மூச்சைப் பிடித்து விரலை இழுத்தேன்.

காகமும் விழுந்தது, தலை தூக்கியிருந்த குட்டியும் சாய்ந்தது. ராத்தா மாரில் கைவைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். குட்டி தலையை உதறியது. முன்னங்காலை ஊன்றியது, சறுக்கியது, மறுபடி ஊன்றி எழுந்து நின்று, சத்தம் வந்த பக்கம் பார்த்தது. பார்த்தது! இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. ராத்தா "அல்லாஹ்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். குண்டு தான் போகவேண்டிய வளைவில் போய், நான் பார்த்த இடத்திலேயே பார்வையைத் தொட்டிருக்கிறது. அந்த நியாயத்தின் முன்னால் நான் யார் என்று இருந்தது. ஒரு வெற்றியும் தோன்றவில்லை. கோயிலுக்குள் நிற்பதுபோல இருந்தது.

அப்புறம் வானம் கறுத்தது. எங்கிருந்து அத்தனை காகங்கள் வந்தன என்று தெரியவில்லை. விழுந்து கிடந்ததைச் சுற்றியல்ல, என்னைச் சுற்றிப் பறந்து கத்தின. தோட்டத்து வாசல்வரை வந்து என்னை விட்டுவிட்டுப் போயின.

ராத்தா செத்த காகத்தைத் தடியில் கட்டி ஆடு படுக்கும் இடத்தில் நட்டாள். அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள் கண்ணோடு வளர்ந்தன. துரை திரும்பி வந்து, கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு காகமும் இல்லாததைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "ஹண்ட்ரட் யார்ட்ஸ்?" என்றார். "யெஸ் சார்" என்றேன். நூறு கஜத்துக்குச் சுட்டேனா என்று அவர் கேட்டார். காகம் நிற்கிற தூரத்தை நான் சொன்னேன். இரண்டு பேருக்கும் திருப்தி. நான் துவக்கைத் தொட்டே மாதமாகியிருந்தது. வெறுங்கையோடு போனாலும், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்தாலும், ஒரு காகம் குரல் கொடுக்கும். தென்னைக்குத் தென்னை அது போய்ச் சேரும். நான் போகிற வழி காலியாகிவிடும்.

மறுவருஷம் அப்பா செத்துப்போனதாகத் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலை மகன் இருந்தும் சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். முதல் வருஷத் திதிக்காவது போய்விட வேண்டும் என்று இருந்தேன். மழைக்காலத்துக் கடல் கப்பலை நிறுத்திவிட்டது. சரி, இருக்கிற இடத்திலேயே செய்வோம் என்று நானாட்டானிலிருந்து நல்ல பச்சரிசி வாங்கிவந்து, குளித்து, நானே பொங்கினேன். பருப்பு, வாழைக்காய்க் கறி, எள்ளுருண்டை. தலைவாழை இலையில் வைத்து முற்றத்து மேட்டில் கொண்டுபோய் வைத்து, கா, கா என்று கூப்பிட்டேன்.

ஒரு காகமும் வரவில்லை. தூரத்துத் தென்னைகளில் வரிசையாக இருந்தன. இலையையும் பார்த்தன, என்னையும் பார்த்தன. வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டு கதவிடுக்கில் பார்த்தேன். இலையை வைத்தது நான் என்பதே அவற்றுக்குப் போதும். பொழுது உச்சி திரும்பியது. நெய்விட்ட சோறு உலர்ந்து வெடித்தது. காகம் தின்றால்தான் அப்பா சாப்பிட்டார் என்று அர்த்தம். அவர் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? கடல் தாண்டி வந்து, பசியோடு என் வாசலில் நின்று, உள்ளே வரப் பயந்துகொண்டு அப்பா நிற்கிறார் என்று தோன்றியது. நான் சத்தம் போட்டே அழுதேன்.

படலைத் தள்ளிக்கொண்டு ராத்தா வந்தாள். இலையைப் பார்த்தாள், தென்னையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கட மார்க்கத்தில இதெல்லாம் இல்ல" என்றாள். இலைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "சோறு போடுறது இருக்கு. உங்கட வாப்பா மீன் தின்னுவாரா?"

"இன்றைக்கு ஆகாது, ராத்தா."

"சரி, தாங்கோ."

இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தன் வீட்டு முற்றத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். திரும்பி, "நீங்க வராதீங்கோ. அங்காலே நில்லுங்கோ" என்றாள். நின்றேன். "இன்னும் அங்காலே." அவள் கையை வீச வீச நான் பின்னால் போனேன். தோட்ட வேலியைத் தாண்டி, மணலைத் தாண்டி, கடற்கரையே வந்துவிட்டது. அப்புறம்தான் ஒரு காகம் அவள் வேலியில் வந்து இறங்கியது. ராத்தா ஆடுகளை ஒதுக்கிவிட்டு இலையைத் தரையில் வைத்தாள். வாழ்நாள் முழுக்கக் காகத்தைக் கல்லெறிந்து ஏசியே பழகிய வாய். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

காகம் இறங்கியது. அவ்வளவு தூரத்தில் எனக்கு அது ஒரு கறுப்புப் புள்ளிதான். தின்கிறதா, சும்மா நிற்கிறதா என்று தெரியவில்லை. பார்க்கவேண்டும்போல இருந்தது. ஓர் அடி முன்னால் வைத்தேன். புள்ளி நிமிர்ந்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அலை வந்து குதிகாலை நனைத்தது. அந்தத் தண்ணீருக்கு அப்பால் எங்கள் ஊர். அசையாமல் நின்றேன்.

ராத்தா காற்று போகிற என் பக்கம் திரும்பி, காகத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோலவும் எனக்குக் கேட்க வேண்டுமே என்பதுபோலவும் ஒரு குரலில் சொன்னாள்:

"வாப்பா சாப்பிடுறார், தம்பி. வாழைக்காயும் எடுத்திட்டார்."